பேராசிரியர் குடித்த தண்ணீர்

அத்தியாயம் 5

தொலைக்காட்சியில், போன வார விவாதத்தின் பதிவில், பேராசிரியர் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தத்தை மாமா பூஜ்யத்துக்குக் கொண்டுபோயிருந்தார்.

"இப்படிப் பார்த்தா நல்ல மனுஷனாத்தான் தெரியறார்," என்றார் மாமா. "இப்படியே விட்டுடலாமா, பாஸ்?"

மாமா என் அக்காவின் கணவர். டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கெட்டுப்போன டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது எல்லோருக்கும் பழக்கமானதும், கடையை மூடிவிட்டு என் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். நிறுவனம் என்றால் டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு மேஜை. மச்சினியான என்னை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

எதிரே நாற்காலியின் நுனியில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே காது கேட்காதவர். சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுவார். எழுத்தும் அவர் தையல் மாதிரியே நெருக்கமாக, சீராக இருந்தது.

அவர் கணவர் பெயின்ட் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எட்டு நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை காலை, அங்கே வாயு கசிந்து வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். கசிந்தால் அலற வேண்டிய அலாரம் அலறவில்லை. மறுநாள் மாலை ஆறு மணி விவாதத்தில் பேராசிரியர், "அலாரத்தைத் தன் கையாலேயே அணைத்துவிட்டார் அந்த சூப்பர்வைசர். சத்தம் தொந்தரவாம்," என்றார். வியாழக்கிழமை காலை சூப்பர்வைசரைக் கைது செய்தார்கள்.

தொழிற்சாலைக்கும் அந்தச் சேனலுக்கும் ஒரே முதலாளி. இது ஊருக்கே தெரியும். தெரிந்தும் பேராசிரியர் சொன்னால் ஊர் நம்பும். அவர் சேனலில் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. முப்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவர், வெளியாள், விருந்தினர். என் அப்பாகூட அவர் பேசும்போது யாரையும் குறுக்கே நடக்க விடமாட்டார்.

நாளை காலை பத்தரை மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் சூப்பர்வைசர் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப்போகிறார். போட்டால் தண்டனை குறையும், குடும்பத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருந்தார்.

"செய்யாததை ஏங்க ஒத்துக்கறார்?" என்று மாமா கேட்டதை நான் எழுதிக் காட்டினேன்.

தையல்காரம்மா பதில் எழுத அதிக நேரம் எடுத்துக்கொண்டார். 'சிறையில் ஒரு டிவி இருக்கிறது. அதிலும் இந்தச் சேனல்தான். தினமும் பார்க்கிறார். நேற்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையால் கேட்டார், ஒருவேளை நான்தான் அணைத்தேனோ என்று.'

மாமா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

'வலது கீழ் மூலையைப் பாருங்கள்' என்று எழுதினார் தையல்காரம்மா.

மூலையில் சின்னக் கட்டம். அதற்குள் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண், பேச்சைச் சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடம் செய்தி பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை ஒரு முறைகூட நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தையல்காரம்மா தன் ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு ஸ்விட்சை அழுத்திக் காட்டினார். 'அணைத்தார்' என்பதற்கு அதுதான் சைகை. திரையில் மூலைப் பெண்ணின் விரலும் அதையே செய்தது. நான் கடிகாரத்தை எடுத்தேன். விநாடிக் கணக்கு இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். மூன்று முறை கணக்கெடுத்தால்தான் அந்த நம்பிக்கையை நான் நம்புவேன். மூன்று முறையும் சத்தத்தோடு ஓட்டிப் பார்த்தோம். பேராசிரியரின் வாயிலிருந்து 'அணைத்துவிட்டார்' வந்தது, அவள் விரல் அழுத்திய நான்கு விநாடிக்குப் பிறகு.

"பேசறவருக்கு முன்னாடியே மொழிபெயர்ப்பு வந்துடுச்சே," என்றார் மாமா. "நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பதில் சொல்ற ஆள் உலகத்துல உங்க அக்கா ஒருத்திதான்னு நினைச்சிட்டிருந்தேன்."

அதோடு முடியவில்லை. பேராசிரியர் அந்த வாக்கியத்தை முடித்ததும் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடித்தார். அரங்கம் காத்திருந்தது. பதினோரு விநாடி. அவ்வளவு நேரமும் மூலைப் பெண்ணின் கைகள் நிற்கவில்லை.

'இங்கே அவள் என்ன சொல்கிறாள்?' என்று எழுதினேன்.

தையல்காரம்மா எழுதிக் காட்டினார். 'அலாரம் ஒன்பது நாளாகப் பழுது. சூப்பர்வைசர் இரண்டு தடவை கடிதம் எழுதிக் கொடுத்தார்.'

மாமாவும் நானும் ஒரே தாளின் மேல் குனிந்திருந்தோம். பேராசிரியர் இதைச் சொல்லவேயில்லை. யாருமே சொல்லவில்லை. கடிதம் எதுவும் வரவில்லை என்று கம்பெனி போலீசில் எழுதியே கொடுத்திருக்கிறது. அதே முதலாளியின் சேனலில், நேரலையில், நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண் தன் இரண்டு கைகளால் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். காது கேட்கிற யாருக்கும் அது தெரியவில்லை.

'எங்கள் சங்கத்தில் இருநூறு பேர் பார்த்தார்கள்' என்று எழுதினார் தையல்காரம்மா. 'போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மொழிபெயர்க்க ஆள் இல்லை, அப்புறம் வாருங்கள் என்றார்கள். மூன்று முறை.'

நான் என் குறிப்பேட்டைத் திறந்து, கோடு போட்டு எழுதினேன். விருந்தினர்கள் என்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தாள் வருகிறது. கஷ்டமான சொற்களுக்குத் தயாராவதற்காக மூலைப் பெண்ணுக்கும் ஒரு பிரதி தருகிறார்கள். தாளில் இரண்டு பத்தி. இடதில் சொல்ல வேண்டியவை, வலதில் சொல்லக் கூடாதவை. அவசரத்தில் அவள் வலது பத்தியையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். எல்லாம் ஒரு கைத்தவறு.

மாமா எட்டிப் படித்தார். "உறுதியா, பாஸ்?"

"எழுபது சதவீதம்."

"பரவாயில்ல. போன கேஸ்ல அம்பதை வெச்சுக்கிட்டுத்தான் அடி வாங்கினோம்."

மூலைப் பெண்ணை இரண்டே நாளில் மாற்றிவிட்டிருந்தார்கள். வீடு தையல்காரம்மாவுக்குத் தெரியும். காது கேளாதவர்கள் சங்கத்தில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் இரண்டு முறை போயும் கதவு திறக்கவில்லை.

மூன்றாவது மாடி. மூடிய கதவு. கதவுக்கு மேலே சின்னக் கண்ணாடிச் சதுரம், அதில் உள்விளக்கின் வெளிச்சம். ஆள் இருந்தது. மாமா அழைப்பு மணியை அழுத்தினார். சத்தம் வரவில்லை.

தையல்காரம்மா எழுதினார். 'அவள் அம்மாவும் எங்களைப் போலத்தான். இந்த வீட்டில் மணியை அழுத்தினால் விளக்கு மின்னும். அவள் வயரைப் பிடுங்கிவிட்டாள். நான் வருவேன் என்று.'

மாமா மணியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். தலையை ஆட்டினார். படி இறங்கினார். கீழே மீட்டர் பெட்டிகள் வரிசையாக இருந்தன.

"மாமா, மெயினைத் தொடாதீங்க. அது சட்டப்படி..."

"சட்டத்தை நீங்க சாயங்காலம் லா காலேஜ் கிளாஸ்ல படிங்க, பாஸ். இப்போ மதியம்தானே ஆகுது?"

கதவுக்கு மேலே வெளிச்சம் அணைந்தது, எரிந்தது. அணைந்தது, எரிந்தது. மூன்றாவது தடவைக்கு முன்பே தாழ்ப்பாள் நகர்ந்தது. நரைத்த தலையோடு ஒரு அம்மா கதவைத் திறந்து, தையல்காரம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இரண்டு கையையும் நீட்டினார். அவருக்குப் பின்னால் மகள் வந்தாள். கட்டத்தில் இருந்ததைவிட உயரம். கோட்டு இல்லாமல் வயதும் குறைவாகத் தெரிந்தது.

"தயவுசெஞ்சு போயிடுங்க. எதையும் வெளியில பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"பேச மாட்டேன்னுதானே போட்டீங்க?" என்றார் மாமா, மூச்சு வாங்கப் படியேறி வந்தபடி. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்மா. இவங்ககிட்டக் கையால சொல்லுங்க. இவங்க எழுதிக் குடுப்பாங்க. நாங்க அதைப் படிச்சுக்கறோம்."

அவள் சிரித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்தாள். பிறகு உண்மையாகவே தையல்காரம்மாவின் பக்கம் திரும்பி, கையால் சொல்ல ஆரம்பித்தாள். அரைப் பக்கம் ஆனதும் அவளுக்கே பொறுமை போய்விட்டது.

"தாள் உண்டு. 'உதவிக் குறிப்புகள்'னு தலைப்புப் போட்டு வரும். விவாதத்துக்கு வர்ற நாலு பேரும் அதை வரிசை மாறாமப் பேசுவாங்க. மூணு வருஷமாப் பார்த்துப் பழகிடுச்சு. அதான் என் கை சில சமயம் முந்திடும்."

"அதுல வலது பத்தி..." என்றேன்.

"எந்த வலது பத்தி? தாள்ல ஒரே பத்திதான்."

நான் குறிப்பேட்டைத் திறந்து என் எழுபது சதவீதத்தைக் குறுக்கே அடித்தேன். மாமா பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இரக்கம் அவர் கிண்டலைவிட மோசமாக இருந்தது.

"அப்போ அந்தக் கடைசி ரெண்டு வரி?"

"பென்சில்ல எழுதியிருந்தது. என் தாள்ல, 'அணைத்தார்'ங்கற வரிக்குக் கீழ. கடைசி நேரத்துல இப்படித் திருத்தம் வர்றது உண்டு. ஆபீஸ்ல யாரோ எழுதினதுன்னு நினைச்சேன். அர்த்தத்தை யோசிக்க எங்க நேரம்? கை அதுபாட்டுக்குச் சொல்லிடுச்சு."

"அந்தத் தாள்?"

"நிகழ்ச்சி முடிஞ்சதும் எண்ணி வாங்கிடுவாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் யாரையும் வெளிய விட மாட்டாங்க. அன்னிக்கு யாரும் எதையும் கவனிக்கல. அந்தக் கட்டடத்துல சைகை மொழி தெரிஞ்சது நான் ஒருத்திதான். ரெண்டு நாள் கழிச்சு இவங்க சங்கத்துலேருந்து சேனலுக்கு ஒரு கடிதம் போச்சு. அன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

தாள் இல்லை. எழுதியவர் யார் என்பதும் தெரியாது. மேக்கப் அறையில் கண்ணாடிக்கு முன்னால் தாளை வைத்துவிட்டுக் கோட்டு மாற்றப் போனாளாம். அந்த நேரத்தில் அறையில் மேக்கப்காரரும் நான்கு விருந்தினர்களும் இருந்தார்கள். ஐந்து பேர். நாளைக் காலைக்குள் ஐந்து பேரையும் எப்படி விசாரிப்பது என்று நான் அட்டவணை போட ஆரம்பித்தேன்.

"இன்னொண்ணு," என்றாள் அவள். "அவர் தண்ணி எடுத்ததும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. உடம்புக்கு என்னமோன்னு."

"ஏன்?"

"பேராசிரியர் நிகழ்ச்சியில தண்ணியே குடிக்க மாட்டார். குடிக்கறதுக்குள்ள அடுத்தவர் புகுந்து பேச்சைப் பிடுங்கிடுவார்னு சொல்லுவார். மூணு வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான்."

அட்டவணையைப் பாதியில் விட்டேன். "மாமா, அந்த பதினோரு விநாடியை மறுபடி போடுங்க."

மாமா தன் போனில் ஓட்டினார். டம்ளர் உதட்டில் இருந்தது. ஆனால் தண்ணீர் குறையவில்லை. பேராசிரியரின் கண் எதிரில் இருப்பவர்களைப் பார்க்கவில்லை, இடது பக்கம் கீழே பார்த்தது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"நேரலை மானிட்டர்." அவள் குரல் மெதுவாக இறங்கியது. "வெளியே போற படம் அதுல தெரியும். என் கட்டமும் தெரியும்."

படத்தில் மூலைப் பெண்ணின் கைகள் கீழே இறங்கின. அதே நொடியில் பேராசிரியர் டம்ளரை வைத்தார்.

"குடிக்கல," என்றார் மாமா. "வழி விட்டிருக்கார்."

தையல்காரம்மாவுக்கு எழுதிக் காட்டினேன். அவர் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. அவர் எழுதினார். 'கடிதம் இரண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்?'

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"குடுத்தவருக்குத் தெரியும்," என்றார் மாமா. "இல்ல, வாங்கினவருக்குத் தெரியும். குடுத்தவர் உள்ள இருக்கார்."

மூலைப் பெண் தன் அம்மாவிடம் ஏதோ கையால் சொன்னாள். செருப்பை மாட்டினாள். "நானும் வரேன். இவங்க கேக்கறதை அவர்கிட்ட யார் சொல்லுவா?"

பேராசிரியரின் வீடு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடி. வாசலில், லிஃப்ட் கதவில், குப்பைத் தொட்டியில்கூட முதலாளியின் கட்டுமான கம்பெனி முத்திரை இருந்தது.

"லிஃப்ட்டும் அவரோடதுதான்," என்றார் மாமா. "நடுவுல நின்னுட்டா, ஏறினவங்க தப்புன்னு ஆறு மணிக்குச் சொல்லிடுவாங்க."

மணி நாலரை. ஐந்துக்கு முன்பே சேனல் கார் அவரை அழைத்துப் போக வந்துவிடும் என்று மூலைப் பெண் சொல்லியிருந்தாள். கதவைத் திறந்தவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, காலில் வீட்டுச் செருப்போடு நின்றார். டிவியில் தெரிவதைவிடச் சின்ன மனிதர். மூலைப் பெண்ணைப் பார்த்ததும் கதவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

உட்காரச் சொன்னார். நான் போனில் அந்தப் பதினோரு விநாடியை ஓட்டிக் காட்டினேன்.

"தண்ணி குடிச்சேன். அது குத்தமாம்மா?"

"டம்ளர்ல தண்ணி குறையல, சார்."

அவர் என்னை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தார். என் அப்பா மதிக்கிற மனிதர். ஒருவேளை இதுவும் என் எழுபது சதவீதங்களில் ஒன்றாக இருந்தால்? அடுத்த கேள்வியை அவசரமாகக் கேட்டேன். "சூப்பர்வைசர் ரெண்டு கடிதம் குடுத்தார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மூலைப் பெண்ணின் கைகள் என் கேள்வியைத் தையல்காரம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. பேராசிரியர் அந்தக் கைகளையே பார்த்தார்.

"இவங்க?"

"சூப்பர்வைசரோட மனைவி."

பேராசிரியர் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். "எனக்கு யாரும் உத்தரவு போடறதில்லம்மா. இதைச் சொல்லுன்னு முதலாளி ஒரு தடவை கூட போன் பண்ணினதில்ல. தாள் வரும். உதவி வேணும்னா எடுத்துக்கலாம். எடுத்துக்காதவங்களை அடுத்த வாரம் கூப்பிட மாட்டாங்க. அவ்வளவுதான்."

"கூப்பிடலைன்னா என்ன, சார்? வீட்டுல நிம்மதியா இருக்கலாமே," என்றார் மாமா.

"சேனல் கூப்பிடலைன்னா குழுவும் கூப்பிடாது, தம்பி. எங்க நாலு பேருக்கும் அவரோட நாலு கம்பெனில ஆளுக்கொரு ஆலோசனைக் குழு. ஒருத்தர் ஆஸ்பத்திரி, ஒருத்தர் சிமென்ட், ஒருத்தர் துறைமுகம். நான் பெயின்ட் தொழிற்சாலையோட பாதுகாப்புக் குழுத் தலைவர். இந்த வீடு அதுல வந்தது." சுவரைப் பார்த்தார். "ஜனங்க எங்களை வெளியாள்னு நம்பறாங்க."

எழுந்து அலமாரியைத் திறந்தார். தேடவில்லை. எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

தையல்காரம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவரிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம். கணவரின் கையெழுத்தை அடையாளம் கண்டுவிட்டார்.

"முதல் கடிதத்தை மேனேஜர் கிழிச்சுட்டார்னு சூப்பர்வைசரே சொன்னார்," என்றார் பேராசிரியர். "இது ரெண்டாவது. நாங்க தொழிற்சாலையைப் பார்க்கப் போன அன்னிக்கு என் கையிலயே குடுத்தார். வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்தும் கேட்டார். போட்டேன்." மேஜை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "எடுத்துக்கிட்டுப் போங்க. கீழ ரெண்டு விரல் அகலம் மட்டும் நான் வெட்டிக்கறேன். என் கையெழுத்து இருக்கற இடம் மட்டும்."

"அது இல்லன்னா இது வெறும் தாள், சார். நேத்து எழுதினதுன்னு சொல்லிடுவாங்க."

"எனக்கு எழுபத்தொரு வயசு. அந்தக் கையெழுத்தோட இது கோர்ட்டுக்குப் போனா, தெரிஞ்சும் சும்மா இருந்தேன்னு என்னையும் உள்ள வைப்பாங்க."

மாலை வகுப்பில் சாட்சியச் சட்டத்தைப் பாதிதான் முடித்திருக்கிறோம். வெட்டிய தாள் ஒன்றுமே இல்லாததைவிடத் தேவலையா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கீழே கார் ஹாரன் கேட்டது.

தையல்காரம்மா மூலைப் பெண்ணின் தோளைத் தொட்டார். கைகளால் கேட்டார். மூலைப் பெண் அதைக் குரலாக்கினாள்.

"பென்சில்ல அதை எழுதினப்போ, யார் பார்ப்பாங்கன்னு நினைச்சீங்க?"

பேராசிரியர் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். கேட்டவரைப் பார்க்கவில்லை.

"சொன்ன மாதிரியும் இருக்கணும்," என்றார். "யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

மூலைப் பெண்ணின் கைகள் மடியிலேயே இருந்தன. நான் அவளைப் பார்த்தேன். இதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு கைகள் எழுந்தன. ஒரு சொல் விடாமல் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

தையல்காரம்மா எழுந்தார். மேஜையிலிருந்து தாளை முழுசாக எடுத்தார். துணி மடிக்கிறவரின் விரலோடு நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். கத்தரிக்கோல் மூன்றடி தூரத்தில் இருந்தது. அது நகரவில்லை.

மறுபடியும் ஹாரன்.

"நான் இப்போ என்ன பண்றது?" என்றார் பேராசிரியர்.

"தண்ணி குடிங்க, சார்," என்றார் மாமா.

லிஃப்ட்டுக்கு யாரும் காத்திருக்கவில்லை. படியில் இறங்கும்போது தையல்காரம்மா தாளை என்னிடம் நீட்டினார். அலாரம் ஐந்து நாளாகப் பழுது, உடனே சரிசெய்யாவிட்டால் உயிர்ச்சேதம் வரும் என்று எழுதியிருந்தது. வெடிப்பதற்கு நான்கு நாள் முந்தைய தேதி. அடியில் பேராசிரியரின் கையெழுத்து. அதற்கும் கீழே, பென்சிலில், அழகான எழுத்தில் ஒரு வரி. அவர் வெட்ட நினைத்த இரண்டு விரல் அகலத்துக்குள் இருந்தது.

'அவசரமில்லை. புதன்கிழமைக் கூட்டத்தில் வைக்கலாம்.'

"புதன்கிழமையா?" என்றாள் மூலைப் பெண். "அன்னிக்குத்தானே நிகழ்ச்சி."

"அதுக்கு முந்தின நாள்தான் வெடிச்சது," என்றேன்.

ஆறாவது மாடியில் மாமா செருப்பு வாரைச் சரிசெய்வது போல் உட்கார்ந்து, சிறிது நேரம் அப்படியே இருந்தார்.

மாமாவின் வேனில் ஏறியதும், "நமக்குத் தெரிஞ்ச வக்கீல் வீட்டுக்கு விடுங்க," என்றேன். "ராத்திரிக்குள்ள மனு தயார் பண்ணணும்."

தையல்காரம்மா என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் குறிப்பேட்டை வாங்கி எழுதினார். 'வக்கீல் அப்புறம். முதலில் இதை அவர் பார்க்கணும்.'

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சிறையில் பார்வையாளர் நேரம் ஐந்தரை வரைதான். மாமா கேட்கவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டார்.

ஐந்து இருபதுக்கு உள்ளே விட்டார்கள். நீளமான அறை, நடுவில் கண்ணாடி. இரண்டு பக்கமும் ஆட்கள் டெலிபோனைக் காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரும் அவர் மனைவியும் மட்டும் டெலிபோனைத் தொடவில்லை. சவரம் செய்யாத முகம். அவர் கை அசைந்த விதத்திலேயே களைப்பு தெரிந்தது.

தையல்காரம்மா தாளை விரித்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தார்.

அவர் படித்தார். முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்தார். கைகள் ஏதோ கேட்டன.

"'இது நான் எழுதினதா?'ன்னு கேக்கறார்," என்றாள் மூலைப் பெண், என் பக்கத்தில், மிக மெதுவாக.

தையல்காரம்மா ஆமென்று தலையை அசைத்தார். தாளை எடுக்கவில்லை. சூப்பர்வைசர் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார். விரலைக் கண்ணாடியில் வைத்து, வரி வரியாக. தன் கையெழுத்து வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு அந்த விரல் காற்றில் ஒரு ஸ்விட்சைத் தொட்டது. தலை இடதும் வலதுமாக ஆடியது.

அந்தச் சைகை எனக்கே தெரியும். இருந்தாலும் நான் மூலைப் பெண்ணைப் பார்த்தேன்.

"'அப்போ நான் அணைக்கல.'"

"கேக்கறாரா, சொல்றாரா?"

"கேக்கறார்."

காவலர் நேரத்தைச் சொல்லிக்கொண்டு வரிசையாக வந்தார். தையல்காரம்மா தாளைப் பிடித்த கையை மாற்றினார். அந்தப் பக்கம் சூப்பர்வைசரின் கை மறுபடியும் எழுந்தது. அதே விரல், அதே ஸ்விட்ச், அதே தலையாட்டல். இந்த முறை வேகமாக.

மூலைப் பெண் அந்த விரல் இறங்கும்வரை பார்த்தாள்.

"இப்போ சொல்றார்," என்றாள்.